ஷாக் கொடுக்க மறுத்த பெட்டிகள்

மாவட்ட விளையாட்டு அதிகாரி கிமையோ சட்டையைக் கழற்றிவிட்டு மேசைமேல் மல்லாந்து படுத்தபோதே, இன்றைய நாள் உருப்பட்ட மாதிரிதான் என்று செலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

மாவட்டத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் சரி, அது ரோடு ரோலரோ பூந்தொட்டியோ, 'பரிசோதித்து ஏற்கும் குழு' பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அதை யாரும் தொடலாம். குழுவில் மூன்று பேர். தலைவர் கிமையோ. அடுத்தவர் சாலைத் துறை ஓவர்சியர் கோஸ்கே. மூன்றாவது ஆள் கால்நடைத் துறை அம்மாள். அவர் கூட்டத்துக்கு வருவார், ஆனால் கண் போனை விட்டு நகராது. இவர்களுக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் பம்பு வந்தால் தண்ணீர் கொட்ட வேண்டும். ஜெனரேட்டர் வந்தால் பல்பு எரிய வேண்டும். இப்போது வந்திருப்பவை, இதயம் நின்று விழுந்தவரை ஷாக் கொடுத்து எழுப்பும் ஆறு பெட்டிகள். ஆகவே ஷாக் அடிக்க வேண்டும்.

"ஒட்டு ஃபுண்டி," என்றார் கிமையோ, கூரையைப் பார்த்தபடி. கப்டாரிட் ஊரில் பழுது பார்க்கிற யாரும் ஃபுண்டிதான். பஞ்சர் ஒட்டுகிறவனும் ஃபுண்டிதான், ஆஸ்பத்திரி இயந்திரங்களையெல்லாம் கட்டி மேய்க்கிற, பட்டம் வாங்கிய இன்ஜினியர் செலகத்தும் ஃபுண்டிதான்.

"சார், நான் சொல்றதக் கொஞ்சம் காதுல வாங்குங்க. உங்க இதயம் நல்லா அடிச்சுக்கிட்டு இருக்கு. நல்லா அடிக்கிற இதயத்துக்கு இந்தப் பெட்டி ஷாக் கொடுக்காது. கொடுக்கவும் கூடாது."

"இது ஷாக் கொடுக்கிற பெட்டியா, இல்லையா?"

"கொடுக்கிற பெட்டிதான்."

"அப்பக் கொடுக்கட்டும். நான் ஒண்ணும் பயந்தவன் இல்ல."

செலகத் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். அவளை அறிந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். சில சமயம் இதயத்தின் கீழறைகள் அடிப்பதை விட்டுவிட்டு, கொதிக்கிற கஞ்சி மாதிரி சும்மா தளதளவென்று நடுங்கும், ரத்தம் ஓடாது, ஆள் விழுந்துவிடுவான். இன்னொரு சமயம் தறிகெட்டு ஓடும். இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டால்தான் பெட்டி ஷாக் பித்தானைத் திறந்துவிடும். மற்றபடி யார் நெஞ்சில் ஒட்டினாலும் மறுத்துவிடும். மறுக்கத் தெரியாத பெட்டி கொலைகாரப் பெட்டி என்றாள்.

சொன்னதோடு நிற்காமல், விதவிதமான துடிப்புகளைப் போலியாகக் கொடுக்கும் கைப்பெட்டியைத் தன் பையிலிருந்து எடுத்து ஷாக் பெட்டியோடு இணைத்தாள். நல்ல துடிப்பை வைத்தாள். "அதிர்ச்சி தேவையில்லை," என்றது பெட்டி, தூரதேசத்துப் பெண் குரலில். நடுக்கத்தை வைத்தாள். "அதிர்ச்சி தேவை," என்றது. நடுக்கத்தைக் குறைத்துக் குறைத்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய நடுக்கமாக வைத்தாள். அதையும் பிடித்துவிட்டது. போன வாரம் முழுக்க ஆறு பெட்டிகளையும் அவள் இப்படித்தான் வறுத்தெடுத்திருந்தாள். ஒன்றுகூடத் தப்புச் செய்யவில்லை.

கோஸ்கே சிரித்தார். "பெட்டியும் பெட்டியும் பேசி வச்சுக்கிட்டா நாங்க ஒத்துக்கணுமா? ரோடு போட்ட காண்ட்ராக்டரே ரோடு பிரமாதம்னு சொல்றாப்ல இருக்கு. ஆள் மேல சோதிச்சுக் காட்டும்மா."

"ஆள் மேல சோதிக்கணும்னா அந்த ஆள் செத்துக்கிட்டு இருக்கணும் சார்."

"வார்டுல யாராவது இருப்பாங்களே. ஒருத்தரைத் தள்ளிக்கிட்டு வா."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று செலகத்துக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் கிமையோ தானே கையை நீட்டி, உறையைக் கிழித்து, ஷாக் இறங்கும் பசைத் தகடுகளான பேட் இரண்டையும் நெஞ்சில் அப்பிக்கொண்டார். ஒருமுறை ஒட்டிப் பிய்த்தால் பேட் குப்பைக்குத்தான் போகும். ஒரு பெட்டிக்கு இரண்டு ஜோடிதான் வந்திருந்தது. "இந்த ஒரு ஜோடியையே எல்லாப் பெட்டிக்கும் மாத்தி மாத்திச் சொருகிப் பாக்கலாம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினாள்.

"ஒவ்வொரு சாமானையும் அதோட வந்த உதிரியோடதான் சோதிக்கணும். விதி," என்றார் கோஸ்கே.

முதல் பெட்டி ஆராய்ந்தது. அதிர்ச்சி தேவையில்லை என்றது. பேட்டைப் பிய்த்தபோது கிமையோவின் நெஞ்சு முடியும் கூடவே வந்தது. இரண்டாவது பெட்டியும் அதையே சொன்னது. இன்னொரு கொத்து முடி போயிற்று. மூன்றாவதற்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வேற ஆளப் பாருங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

வெளியே பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்ற யாட்டோர் அகப்பட்டான். பெட்டிகளை இறக்கி வைக்க வந்தவன் அவன். காலையில் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் ஓட்டம். நெஞ்சில் ஒரு முடி கிடையாது. பனியனைச் சுழற்றி எறிந்துவிட்டுச் சந்தோஷமாகப் படுத்தான்.

"ஒட்டுங்க அக்கா. செத்தா என் பங்கு பாலை நீங்க குடிங்க."

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நான்கு பெட்டிகளும் யாட்டோரின் நெஞ்சைக் கேட்டுவிட்டு ஒரே குரலில் மறுத்தன. நான்கு ஜோடி பேட் குப்பைக்கூடைக்குப் போனது. கோஸ்கே உதட்டைப் பிதுக்கினார். கிமையோ தலையை ஆட்டினார்.

"ஆறும் ஃபெயில்," என்றார்.

படுத்திருந்த யாட்டோர் சொன்னான்: "நான் சாகலைன்னு ஒவ்வொரு பெட்டியும் நல்ல சேதி சொல்லுது. அதுக்கு ஏன் சார் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க?"

அந்த அறையில் விஷயம் புரிந்தவன் அவன் ஒருவன்தான். செலகத்தும் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு வாரத்து உழைப்பு, கிழிந்த பேட்டுகள், கோஸ்கேயின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் புரியணும்னா இங்க ஒருத்தன் செத்து விழணும். அப்பத் தெரியும்," என்று கத்திவிட்டாள்.

கால்நடை அம்மாள் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார். கப்டாரிட்டில் யாரும் இப்படி வாயை விடுவதில்லை. சொன்ன சொல் எங்காவது போய் உட்காரும் என்பார்கள். அதிலும் ஒருவன் கண் முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும்போது. யாட்டோர் மெல்ல எழுந்து பனியனைத் தேடினான். அவன் முகத்தில் சிரிப்பு பாதி மிச்சமிருந்தது.

"வாயக் கழுவு ஃபுண்டி," என்றார் கோஸ்கே.

அவள் மன்னிப்புக் கேட்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்து ஆஸ்பத்திரி மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் மொம்பாசாவில் கருத்தரங்கில் இருந்தார். பின்னால் கடல் இரைந்தது. "கமிட்டி விஷயத்துல நான் மூக்கை நுழைக்க முடியாதும்மா. ஒரு கடிதம் எழுதிப் போடு, வந்து பாக்கறேன்," என்றார். பெட்டிகள் வந்ததே ஊரின் வருடாந்திர ஓட்டப் பந்தயத்துக்காக, அது வரும் ஞாயிற்றுக்கிழமை. அவர் வருவது அதற்கடுத்த வாரம்.

அவள் உள்ளே திரும்பியபோது கிமையோ மறுபடி மேசைமேல் படுத்திருந்தார். நெஞ்சில் மறுபடி பேட். "அதிர்ச்சி தேவை," என்று பெட்டி சொல்ல, கோஸ்கே பித்தானை அழுத்திக்கொண்டிருந்தார். செலகத் தடுக்கப் பாய்ந்தாள். பிறகுதான் பெட்டியின் நிறத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு.

அது ஏழாவது பெட்டி. முதலுதவிக்காரர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகக் கம்பெனி கூடவே அனுப்பியது. அதற்கு இதயத்தைக் கேட்கத் தெரியாது. உள்ளே ஷாக்கும் கிடையாது. பதிவு செய்த பேச்சை மட்டும் ஒப்பிக்கும். தலையணையில் ஒட்டினாலும் அதிர்ச்சி தேவை என்று சொல்லும்.

"அதிர்ச்சி கொடுக்கப்பட்டது," என்றது ஆரஞ்சுப் பெட்டி. கிமையோ துள்ளி எழுந்தார்.

"உள்ள இறங்கிச்சுய்யா. விரல் நுனி வரைக்கும் வந்துச்சு."

"சார், அது பாடம் நடத்துற பொம்மை. அதுல கரண்டே இல்ல."

"கரண்ட் இல்லாமலா என் இடுப்பு வலி பறந்து போச்சு?" கிமையோ குனிந்து நிமிர்ந்து காட்டினார். "ஏழுல ஒண்ணுதான் உருப்படி. எழுதிக்கோங்க."

ஆறு பெட்டிகளுக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டிச் சேமிப்புக் கிடங்கில் பூட்டினார்கள். தேறாத பொருள் கொடுத்தவருக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. ஆரஞ்சுப் பெட்டிக்கு மாவட்ட முத்திரைத் தாளை ஒட்டினார்கள். அதைச் சரியாக, 'பயிற்சிக்கு மட்டும்' என்ற எழுத்தின் மேலேயே ஒட்டினார் கோஸ்கே. இடம் அங்கேதான் சமமாக இருந்ததாம். பிறகு அதை மைதானத்துக்குக் கொண்டுபோய், ஓட்டம் முடியும் கோட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரியில் மாட்டினார்கள்.

அந்தக் கோட்டில்தான் போன வருடப் பந்தயத்தில் ஓட்டக்காரன் மைக்கா விழுந்தான். கோட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்து முகங்குப்புறக் கவிழ்ந்தவனை, மண்ணை முத்தமிடுகிறான் என்று நினைத்து ஊரே கைதட்டியது. கைதட்டி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் அப்பா சவே, நாற்பது பசுக்கள் வைத்திருக்கும் கௌரவமான மனிதர், மாடு விற்றும் ஊரில் ஹராம்பே என்ற வசூல் கூட்டம் நடத்தி நிதி திரட்டியும் வாங்கிக் கொடுத்தவைதான் அந்தப் பெட்டிகள். எந்தப் பெட்டி வாங்குவது என்று அவருக்குச் சொன்னவள் செலகத்.

அன்று சாயங்காலம் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். டீ வந்தது. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிமையோ வந்துட்டுப் போனாரு. நம்மள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்கன்னாரு."

"யாரும் ஏமாத்தல ஐயா. ஆறு பெட்டியும் தங்கம். அவங்களுக்குச் சோதிக்கத் தெரியல."

"மூணு பேர் கொண்ட கமிட்டி பொய் சொல்லுமாம்மா?" டம்ளரைக் கீழே வைத்தார். "அது போகட்டும். யாட்டோர் படுத்திருக்கறப்ப நீ என்னமோ வார்த்தை சொன்னியாமே. அவன் என் மைக்காவோட கூட ஓடுன பையன். என் வீட்டுலதான் சாப்பிடறான். இன்னொருத்தனையும் கொடுத்துட்டு நிக்க என்னால ஆகாது."

அவள் எழுந்துகொண்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கமிட்டியை நினைத்துப் பல்லைக் கடித்தாள். மறுபடி தன்னைத் திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை கிடங்குக்குப் போனாள். கிடங்குப் பொறுப்பு தபிதா அம்மாளுடையது. நல்ல மனுஷிதான், ஆனால் விதியை மீறச் சொன்னால் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வார்.

"தேறாத சாமான் வெளிய போறதுக்கு ரெண்டே வழிதான் கண்ணு. ஒண்ணு, கொடுத்தவர் வந்து எடுத்துட்டுப் போகணும். இல்லன்னா ரிப்பேருக்கு ஃபுண்டி எடுத்துட்டுப் போகணும்."

"அப்ப ரிப்பேருக்கு எடுத்துக்கறேன்."

"என்ன ரிப்பேர்?"

"ஒரு ரிப்பேரும் இல்லம்மா. நல்லா இருக்கு."

"நல்லா இருக்கறத எதுக்கு ரிப்பேர் பண்ணப் போற? பழுதுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடு, தர்றேன். அதுவும் ஒண்ணொண்ணாத்தான். ஒண்ண முடிச்சுக் கொண்டாந்தா அடுத்தது."

பழுதில்லாத பெட்டியைப் பழுது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள் செலகத். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. ஒரு பெட்டி கைக்கு வந்தது. அதில் ஒரு ஜோடி பேட்தான் மிச்சம்.

ஞாயிறன்று மைதானத்தில் எள் போட்டால் விழாது. கிமையோ புதுத் தொப்பியும் மைக்குமாக நின்றார். செலகத் கையிலிருந்த சிவப்புச் சீட்டுப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்த? தேறாத சாமானைப் பொது இடத்துல வச்சா என் பேர்தான் கெடும். கயிறுக்கு அந்தப் பக்கம் போ."

"சார், அந்த ஆரஞ்சு—"

"அது பாஸ் பண்ணின பெட்டி. போம்மா."

அவள் கயிற்றுக்கு வெளியே, எஸ்தரின் டீக்கடைப் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோடு அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம். சவே உள்ளே, கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். போன வருடம் நின்ற அதே இடம். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் நல்லபடியா வந்து சேரட்டும், நான் முட்டாளாகவே போகிறேன் என்று செலகத் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பொய்யில்லை, அன்று அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் இருவர் வந்தார்கள். கூட்டம் கூவியது. மூன்றாவதாக யாட்டோர் வந்தான். கடைசி வளைவில் இவளைப் பார்த்துக் கையைக்கூட அசைத்தான். கோட்டைத் தாண்டினான். கைகளை முழங்காலில் ஊன்றினான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

செலகத் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள். நடுவில் மொத்த ஊரும் நின்றது. அவளுக்கு முன்பே முதலுதவிக்காரர்கள் இரண்டு பேர் ஆரஞ்சுப் பெட்டியோடு யாட்டோரின் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார்கள். கிமையோ மைக்கைப் பெட்டிக்கு அருகில் பிடித்தார். அவருக்கு அது பெருமை. மைதானம் முழுக்க அந்தக் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது.

"அதிர்ச்சி தேவை." பிறகு, "அதிர்ச்சி கொடுக்கப்பட்டது."

கூட்டம் ஆர்ப்பரித்தது. முதலுதவிக்காரர்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, யாட்டோர் எழுந்திருப்பான் என்று காத்திருந்தார்கள். யாரும் நெஞ்சை அழுத்தவில்லை. யாட்டோரின் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

"வழி விடுங்க. வழி விடுங்க," என்று முட்டி மோதிக்கொண்டு செலகத் வந்து சேர்ந்தாள். அவளைக் கண்டதும் கூட்டத்தில் சிலர் விலகினார்கள். வழி விடுவதற்காக அல்ல. அந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. "இவதான்," என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

கிமையோ குறுக்கே வந்து நின்றார். "கிட்ட வராத. நீ சொன்னது பத்தாதா? அதான் ஷாக் கொடுத்தாச்சே. அந்தத் தேறாத பெட்டிய வச்சு அவனைக் கொன்னுடாத."

"சார், இன்னும் ஒண்ணுமே கொடுக்கல. கால்ல விழறேன், விடுங்க."

விடவில்லை. அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அப்போதுதான் சவே வந்தார். அவர் யாட்டோரின் முகத்தைப் பார்த்தார். அந்த நிறம் அவருக்குத் தெரியும். இந்த ஊரில் அவரைவிட நன்றாக அதை அறிந்தவர் வேறு யாரும் இல்லை. கிமையோவின் மணிக்கட்டைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

"அவள விடு. என் பெட்டி அது."

செலகத் முழங்காலில் விழுந்தாள். ஆரஞ்சுப் பேட்டுகளைப் பிய்த்து எறிந்தாள். தன் ஸ்வெட்டரால் அவன் நெஞ்சின் வியர்வையை அழுத்தித் துடைத்தாள். இருந்த ஒரே ஜோடியின் உறையைப் பல்லால் கிழித்து ஒட்டினாள். ஆறு நாளைக்கு முன் இதே நெஞ்சில் ஒட்டியபோது இந்தப் பெட்டி மறுத்தது. சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. அதே சமயம், செத்து விழணும் என்று தான் சொன்னதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதிர்ச்சி தேவை," என்றது பெட்டி.

அவள் பித்தானை அழுத்தினாள். யாட்டோரின் உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது. பெட்டி எதையோ அறிவித்தது, ஆனால் அதற்கு முன்னால் யாரும் மைக் பிடிக்கவில்லை. மைக் சற்றுத் தள்ளி, கிமையோவின் வாயருகே இருந்தது. நம் மாவட்டத்தின் நவீனக் கருவி சரியான நேரத்தில் இயங்கிவிட்டது, மக்கள் அமைதி காக்கவும் என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். செலகத் இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சை அழுத்தினாள். எலும்பு ஒன்று உள்ளே நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள். முதலுதவிக்காரர்களில் ஒருவன் வெட்கத்தோடு வந்து அழுத்துகிற வேலையைத் தான் வாங்கிக்கொண்டான். பெட்டி மறுபடி எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு இதயத்தைக் கேட்டது.

"அதிர்ச்சி தேவையில்லை."

அவள் அவன் கழுத்தில் விரலை வைத்தாள். நாடி ஓடியது. யாட்டோர் இருமினான். சவே அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகாவது எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? செலகத்தும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலை பெட்டியின் நினைவிலிருந்த துடிப்பு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். முதலில் தாறுமாறான நடுக்கம், நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அதற்குப் பிறகு ஒழுங்கான துடிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

கோஸ்கேக்குப் புரியவில்லை. "இத யாரு எழுதினது? அந்தப் பெட்டியேதானே? தன் கேஸுக்குத் தானே சாட்சி சொல்லுமா? ஷாக் கொடுத்தேன்னு ஆரஞ்சுப் பெட்டி சொன்னத மைதானமே கேட்டுச்சு. உன் பெட்டி சொன்னத யாரு கேட்டாங்க?"

பரிசளிப்பு விழாவில், ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் மூர்சிக் தயிரில் கொஞ்சத்தைச் சுரைக்குடுக்கையிலிருந்து கையில் ஊற்றி, கிமையோ அந்தக் கண்ணாடி அலமாரிமேல் தெளித்திருந்தார். அது காய்ந்து வெள்ளையாக வழிந்திருந்தது. அதே மாதிரி இன்னும் ஆறு ஆரஞ்சுப் பெட்டி வாங்க ஏற்பாடு நடந்தது.

கிடங்கில் தபிதா அம்மாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பேட் எங்க?"

"போட்டாச்சு. ஒரு உயிருக்கு."

"அது சரி. என்ன ரிப்பேர் பண்ணின? அதச் சொன்னாத்தான் அடுத்தது தர முடியும்."

செலகத் பெட்டியைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சுவரில் மண்டையை முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

யாட்டோர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஓட்டம் இனி முடியாது, எல்டோரெட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் சவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு இருந்தார். செலகத் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள். கிட்டே போகக் கூச்சமாக இருந்தது.

"யாட்டோர், நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. மனசுல வச்சுக்காத."

"நீங்க சொன்னதுனால வந்துச்சுன்னா டாக்டரு எதுக்கு எல்டோரெட் போகச் சொல்றாரு?" என்றான். மூச்சு வாங்கியது, விலாவைப் பிடித்துக்கொண்டான். "ஆனா அக்கா, ஆள் மேல சோதிச்சுக் காட்டுன்னாங்கல்ல. செத்து விழுந்து காட்டிட்டேன். இப்பவாவது பாஸ் பண்ணினாங்களா?"

அவளால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"பண்ணினாங்க," என்றாள். "ஆரஞ்சுப் பெட்டிய."

யாட்டோர் சிரித்தான். நொறுங்கிய எலும்பு வலிக்க வலிக்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். செலகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, அதிலும் ஆத்திரத்து அழுகை.

சவே நாற்காலியில் அசைந்தார். "அந்த ஆறும் இப்ப எங்க?"

"கிடங்குல. தேறாததுன்னு. கொடுத்தவர் வந்து எடுத்துட்டுப் போகணுமாம்—" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

சவே தொப்பியைத் தலையில் வைத்தார். "கொடுத்தவன் நான்தானே," என்றபடி பிக்கப் சாவியைத் தேடினார்.

இப்போது ஒரு பெட்டி பால் நிலையத்தில் இருக்கிறது. ஒன்று ஓட்டக்காரர்கள் விடியலில் கூடும் முச்சந்திக் கடையில், ஒன்று தேவாலயத்தில், இரண்டு மலைப்பாதைப் பள்ளிக்கூடங்களில். யாட்டோரை எழுப்பிய பெட்டிக்குப் புது பேட் வரும்வரை காத்திருந்து, எஸ்தரின் டீக்கடைச் சுவரில் மாட்டினார்கள். செலகத் மாதாமாதம் போய் எல்லாவற்றையும் போலித் துடிப்பு வைத்துச் சோதிக்கிறாள். மைதானத்தில் யாராவது விழுந்தால் கண்ணாடி அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காதே, இதைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று எஸ்தருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

கண்ணாடி அலமாரியும் அப்படியேதான் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை கமிட்டி வந்து அதையும் சோதிக்கிறது. கிமையோ சட்டையைக் கழற்றிப் படுப்பார், கோஸ்கே பித்தானை அழுத்துவார். ஆஸ்பத்திரி சார்பில் செலகத் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அவளும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெட்டி இதுவரை ஒருமுறைகூட ஃபெயில் ஆனதில்லை.